வேப் கருவிக்கு 18650 பேட்டரி: உறையில் உள்ள எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

வணக்கம். சிகரெட்டை விட்டுவிட்டு வேப் கருவிக்கு (மின்சிகரெட்டுக்கு) மாறி ஓராண்டு ஆகிறது. என்னுடையது ஒற்றை 18650 பேட்டரியில் இயங்குவது. பெரும்பாலும் 60 வாட்டில் வைத்திருப்பேன். பழைய பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் இணையத்தில் புதியது தேடினேன். ஒன்றில் 3000 மில்லி ஆம்பியர் மணி என்றும், அதைவிட விலை குறைந்த மற்றொன்றில் 9900 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். பெரிய எண் உள்ளதையே வாங்கலாமா? பழைய பேட்டரியின் நேர்முனை ஓரத்தில் நகக்கண் அளவுக்கு உறை கிழிந்திருக்கிறது. புதியது வரும்வரை அதையே பயன்படுத்துவதில் தவறுண்டா?

மறுமொழி 1

நண்பரே, 9900 என்று அச்சிட்டதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். 18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள உருளை. அந்த அளவுக்குள் ஏறத்தாழ 3500 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் கொள்ளளவை அடைப்பதே அரிது. உறையிலேயே பொய் சொல்பவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்?

நீங்கள் பார்க்க வேண்டியது, பேட்டரி இடைவிடாமல் தரக்கூடிய மின்னோட்டத்தை, அதாவது ஆம்பியரை. உறையில் 35, 40 என்று பெரிதாகப் போட்டிருப்பது பல நேரம் சில நொடிகளுக்கு மட்டுமே தாங்கும் அளவு. தயாரிப்பாளரின் தரவுத்தாளில் உள்ள தொடர் அளவையே நம்புங்கள். உங்கள் கருவிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சார்ஜ் இறங்க இறங்க வோல்ட் குறையும். அதே 60 வாட்டைத் தருவதற்காகக் கருவி கூடுதல் ஆம்பியரை இழுக்கும். 3.2 வோல்ட்டில் 60 வாட் என்றால் சுமார் 19 ஆம்பியர். மின்சுற்றில் வீணாகும் பத்து விழுக்காட்டையும் சேர்த்தால் 21ஐ நெருங்கிவிடும். சாம்சங் 25ஆர் போன்ற 2500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியின் தொடர் அளவு 20 ஆம்பியர்தான். ஆகவே 25 ஆம்பியர் பேட்டரியைத் தேடுங்கள், அல்லது 45 வாட்டுக்கு இறங்குங்கள். அப்போது 16 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். கொள்ளளவு கூடினால் ஆம்பியர் குறைவது பொதுவான வழக்கம் என்பதால், நெடுநேரம் வர வேண்டுமென்றால் இரண்டு பேட்டரி போடும் கருவியே சரி.

மறுமொழி 2

கிழிந்த உறையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். பேட்டரியின் அடிப்பக்கம் மட்டும்தான் எதிர்முனை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பக்கச் சுவர் முழுவதும், நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பு வரையில், எதிர்முனைதான். அந்த விளிம்புக்கும் நடுவிலுள்ள பொத்தானுக்கும் இடையே காப்பாக இருப்பது ஒரு மெல்லிய வளையமும் அந்த உறையும் மட்டுமே. நீங்கள் சொல்லும் கிழிசல் இருப்பதிலேயே ஆபத்தான இடம். அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

உதிரி பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தவன் நான். முதலில் இளஞ்சூடாகத்தான் தெரிந்தது. கையை விட்டு எடுப்பதற்குள் சாவி வளையம் விரலில் ஒட்டிச் சுட்டுவிட்டது. வெடிக்காமல் போனது என் நல்ல காலம். அன்றிலிருந்து பிளாஸ்டிக் பெட்டியில் இடாமல் ஒரு பேட்டரியையும் வெளியே எடுத்துச் செல்வதில்லை.

மறுமொழி 3

மேலே உள்ள இரண்டையும் ஏற்கிறேன். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த செல்கள், அதாவது 18650 பேட்டரிகள், பாதுகாப்பு மின்சுற்றோடு சேர்த்து, பேட்டரித் தொகுப்புக்குள் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டவை, தனித்தனியாக விற்பதற்கல்ல. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில், உதிரியாக விற்கப்படும் 18650 செல்களை வாங்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட கருவிக்கு மாற முடியுமானால் என் முதல் பரிந்துரை அதுதான்.

முடியாதென்றால், வந்ததும் எடை போட்டுப் பாருங்கள். நல்ல 18650 பெரும்பாலும் 45 கிராமை ஒட்டியிருக்கும்; கையில் எடுத்ததுமே வெற்றுக்கூடு போல் தோன்றினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். சார்ஜர் 4.2 வோல்ட்டில் நிறுத்துகிறதா என்பதையும் மல்டிமீட்டரால் ஒருமுறை சரிபாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. 45 வாட்டுக்கு இறக்கிவிட்டேன். தரவுத்தாளில் 25 ஆம்பியர் உள்ளதாகப் பார்த்துத்தான் வாங்கப்போகிறேன். கிழிந்ததைக் குப்பையில் போட்டுவிடலாமா?

மறுமொழி 2

வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினாலே தீப்பிடிக்கும். இரு முனைகளிலும் கிழிசலின் மீதும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள். கொடுக்கும்வரை எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் தனியாக வைத்திருங்கள்.