ஃபஸ் பேஸை பீட்டில்ஸ்தான் கண்டுபிடிச்சாங்களாம்!

வால்வு வாத்தியார்:
பக்கத்துத் திரியில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "பேஸ்ல ஃபஸ் போட்ட முதல் ஆள் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி, 1965, ‘திங்க் ஃபார் யுவர்செல்ஃப்’. அதுக்கு முன்னால யாரும் கிடையாது." கீழ 14 பேர் கைதட்டல் வேற. (புதுசா வர்றவங்களுக்கு: பேஸ்னா கீழ் சுரம் வாசிக்கிற கிடார்; ஃபஸ்னா ஒலியை வேணும்னே கரகரன்னு சிதைக்கிறது.)

அய்யா, அமெரிக்க கன்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸோட ‘டோன்ட் வொர்ரி’ பாட்டு 1960 கடைசியில நாஷ்வில்ல பதிவானது. 1961ல கன்ட்ரி பட்டியல்ல முதலிடம், பாப்ல 3ஆவது இடம். கிரேடி மார்ட்டின் வாசிச்ச ஆறு கம்பி பேஸ், மிக்ஸர்ல பழுதாயிருந்த ஒரு சேனல் வழியாப் போயிருக்கு. பாட்டு நடுவுல அவர் தனியா வாசிக்கிற இடத்தைக் கேளுங்க. அதுவரைக்கும் சாதுவாப் போற பாட்டுல திடீர்னு கிழிஞ்ச ஸ்பீக்கர் வழியா கொம்பு ஊதின மாதிரி ஒரு உறுமல். இன்ஜினியர் க்ளென் ஸ்னாடி அப்புறம் ரெவிஸ் ஹாப்ஸோட சேர்ந்து அந்தக் கரகரப்பை டிரான்சிஸ்டர்ல செஞ்சு கிடார் கம்பெனி கிப்ஸனுக்குக் கொடுத்தார். அதுதான் 1962ல வந்த மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 ஃபஸ் பெடல்: 3 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், 1.5 வோல்ட் பேட்டரி ரெண்டு. அதே வருஷம் ஃபஸ்ஸை பேஸுக்குள்ளயே வெச்சு இபி-0எஃப்னு ஒண்ணும் கிப்ஸன் வித்துச்சு. மெக்கார்ட்னி வாசிச்சது 1965 நவம்பர் 8. கணக்கு போட்டுக்குங்க.

நாலுகம்பி:
அந்த ‘ஒருத்தர்’ நான்தான். பேர் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேணாம்.

ஆறு கம்பி பேஸ் பேஸே இல்ல. கிடாரை ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, இறக்கி சுருதி கூட்டினா அதுக்குப் பேர் இறக்கின கிடார். நாஷ்வில்ல அதை எதுக்கு வெச்சிருந்தாங்க? டபுள் பேஸ் (நின்னு வாசிக்கிற பெரிய மர பேஸ்) வாசிக்கிறதையே பிக்கால (மீட்டுற சின்னத் தகடு), உள்ளங்கையில கம்பியை அமுக்கி, ‘டிக்-டாக்’னு கூடவே தட்டுறதுக்கு. பாட்டைத் தாங்குறது டபுள் பேஸ். மார்ட்டின் யாரு? கிடாரிஸ்ட்.

வால்வு வாத்தியார்:
அதோட அடிக்கம்பி ‘இ’ 41 ஹெர்ட்ஸ். உங்க நாலு கம்பியோட அடிக்கம்பியும் அதே 41 ஹெர்ட்ஸ்தான். வித்தவன் பேஸ்னு வித்தான், வாங்கினவன் பேஸ்னு வாங்கினான். 60 வருஷம் கழிச்சு இங்க உக்காந்து நீங்க பேர் மாத்துறீங்க.

அப்புறம் இபி-0எஃப்? அதுல நாலு கம்பிதானே? ஏன் அதைத் தாண்டிக் குதிச்சுட்டீங்க?

நாலுகம்பி:
இபி-0எஃப்ல ஃபஸ் போட்டு வாசிச்ச பதிவு ஒண்ணு சொல்லுங்க, 1965க்கு முந்தி. கடையில தொங்கினதெல்லாம் வரலாறு ஆகாது.

டெசிபல் தம்பி:
மார்ட்டின் வாசிச்சது ஃபெண்டர் கம்பெனியோட ‘பேஸ் VI’தானே?

வால்வு வாத்தியார்:
தம்பி, ஃபெண்டரோட ஆறு கம்பி பேஸ் சந்தைக்கு வந்ததே 1961. பாட்டு 1960. டேன்எலெக்ட்ரோ கம்பெனி 1956லயே ஆறு கம்பி பேஸ் விட்டாச்சு. வருஷம் பார்த்துட்டுப் பேசுங்க.

பழைய ரெக்கார்டு:
‘ராக்கெட் 88’ பாட்டு, 1951. வில்லி கிசார்ட்டோட அடிபட்ட ஆம்ப்ளிஃபயர்லயே கரகரப்பு வந்தாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க.

நாலுகம்பி:
அது கிடார்.

பழைய ரெக்கார்டு:
கிடார்தான், ஆனா வாசிக்கிறது முழுக்க பேஸ் வரி. கீழ் கம்பியிலயே ஓடுது.

நாலுகம்பி:
அப்போ நான் பல்லவியை விசில் அடிச்சா பாடகரா?

சால்டர் சித்தப்பா:
நீங்க கம்பி எண்ணிக்கிட்டே இருங்க. உருப்படியா ஒண்ணு சொல்றேன். ‘ஃபஸ் ஃபேஸ்’ங்கற பெடல் வகை சர்க்யூட்ல பேஸைச் செருகினா அடிச்சுரம் காணாமப் போகுதுன்னு வர்ற எல்லாரும் உள்ளே நுழையுற கபாசிட்டரை மாத்துறாங்க. அது 2.2 மைக்ரோஃபாரட், ஏற்கெனவே தாராளம். கோளாறு வெளியேறுற இடத்துல. அங்க இருக்கறது 0.01 மைக்ரோஃபாரட்தான். வால்யூம் பாட் (திருகுற குமிழ்) 500 கிலோ ஓம், ஆம்ப் 1 மெகா ஓம், முழு வால்யூம்ல சேர்ந்து 333 கிலோ ஓம். வெட்டு 48 ஹெர்ட்ஸ்ல விழுது, அதுக்குக் கீழ ஒலி மெலியும். விரல் வைக்காத ‘இ’ கம்பி அதுக்கும் கீழ. பின்னால 50 கிலோ ஓம் பெட்டி எதையாவது கோர்த்தா வெட்டு 350க்கு ஏறிடும், பேஸ் கொசு மாதிரிப் பாடும். 0.1 போடுங்க, 333 கிலோ ஓமுக்கு 5 ஹெர்ட்ஸ்தான், தீர்ந்துது.

ஜெர்மானியம் ராசா:
சித்தப்பாவுக்கு எல்லாமே கபாசிட்டர்தான். ஃபஸ்ல ஒலி அலையோட தலையும் காலும் வெட்டுப்படும்போது 41க்கு மேல 124, 206னு ஒற்றைப்படை மடங்குகள் எழும்புது. மொத்த அளவு ஏற வழியில்ல, அதனால காதுக்கு அடி சிறுத்த மாதிரி படுது. 0.1 இல்ல, குடம் அளவு கபாசிட்டர் போட்டாலும் அது திரும்பாது. சுத்தமான சிக்னலை ஒரு பக்கம் விட்டு, ஃபஸ்ஸை மேல கலக்கணும்.

சால்டர் சித்தப்பா:
கலக்குங்க ராசா, யார் வேணாம்னா? ஆனா ஃபஸ் அலையைத் தலைகீழாப் புரட்டுதான்னு பார்த்துட்டுக் கலக்குங்க. ரெண்டையும் சம அளவு வெச்சு ‘இ’ கம்பியை மீட்டுங்க. சேர்ந்ததும் ஒலி மெலிஞ்சா புரட்டுதுன்னு அர்த்தம், அலையைத் திரும்ப நேராக்க ஒரு இன்வர்ட்டர் கட்டம் (கரண்ட் இன்வர்ட்டர் இல்ல) போட்டே ஆகணும். ஃபஸ் ஃபேஸ்ல ரெண்டு கட்டமும் புரட்டும், ரெண்டும் சேர்ந்து நேராயிடும். இதைச் சொல்லாம அரைகுறையா யோசனை சொல்றதுதான் உங்க வழக்கம். போன மாசம் பயஸ் (டிரான்சிஸ்டருக்கு வைக்கிற வோல்டேஜ் நிலை) திரியிலயும் இதே கதைதான்.

ஜெர்மானியம் ராசா:
பயஸ் திரியை ஏன் இங்க இழுக்கறீங்க? அதுல நான் சொன்னது சரி. ஜெர்மானியம் சூடானா கசிவு ஏறும், பயஸ் நகரும். காலையில ட்யூன் பண்ணினது மத்தியானம் தும்மும்.

வால்வு வாத்தியார்:
சுத்தம் கீழ, ஃபஸ் மேல. கேட்டுக்குங்க நாலுகம்பி. நாஷ்வில்ல நடந்ததும் அதேதான்: டபுள் பேஸ் சுத்தமா அடியில, ஆறு கம்பி உறுமலா மேல.

நாலுகம்பி:
ஆக, அது மேல்பூச்சு, பேஸ் இல்லன்னு நீங்களே எழுதிட்டீங்க. படம் பிடிச்சு வெச்சாச்சு.

வால்வு வாத்தியார்:
அவசரப்படாதீங்க. ‘திங்க் ஃபார் யுவர்செல்ஃப்’ல சுத்தமான பேஸ் ஒண்ணு, ஃபஸ் பேஸ் ஒண்ணு, ரெண்டு தனி வரி இருக்கு. மேல ஏறினா மேல்பூச்சுன்னா, உங்க மெக்கார்ட்னி வாசிச்சதும் மேல்பூச்சுதான்.

நாலுகம்பி:
அது நாலு கம்பி.

வால்வு வாத்தியார்:
இதுதான் பதிலா?

நாலுகம்பி:
ஆமா. பேஸ்னா கம்பி நீளம் வேணும். ஃபெண்டர் பிரிசிஷன், 1951, 34 அங்குலம். உங்க ஆறு கம்பி சுமாரா 30 அங்குலம். பொம்மை.

பழைய ரெக்கார்டு:
மெக்கார்ட்னியோட ஹாஃப்னர் பேஸ் 30 அங்குலம். அதுவும் பொம்மையா?

நாலுகம்பி:
ஹாஃப்னர் வேற விஷயம்.

டெசிபல் தம்பி:
எஃப்இசட்-1 மாதிரி ஒண்ணு கட்டிப் பார்க்கணும். 9 வோல்ட் அடாப்டரையே கொடுக்கலாமா?

சால்டர் சித்தப்பா:
வேணாம். அது 3 வோல்ட் சர்க்யூட். அதுல இருக்கறது பிஎன்பி வகை டிரான்சிஸ்டர், பாஸிட்டிவ்தான் எர்த். மத்த பெடலோட ஒரே அடாப்டர்ல கோர்த்தா சப்ளை ஷார்ட். பென்டார்ச் பேட்டரி ரெண்டு போதும், மாசக்கணக்கில ஓடும். கேபிள் செருகியே விட்டுடாதே, பேட்டரி தீர்ந்துடும்.

ஜெர்மானியம் ராசா:
3 வோல்ட்னால மட்டும் அந்த ஒலி வராது தம்பி. டிரான்சிஸ்டரைக் கசிவு பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். யாராவது வேற மாதிரி சொன்னா நம்பாதே.

சால்டர் சித்தப்பா:
‘யாராவது’ன்னா நானா?

வால்வு வாத்தியார்:
தலைப்புக்கு வாங்க. நாலுகம்பி, 41 ஹெர்ட்ஸுக்கு இன்னும் பதில் வரல.

நாலுகம்பி:
ஆறு கம்பி.