சர்க்கரை நோயாளிகள் 10 கோடியா, 21 கோடியா?

கேள்வி:
இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஒரு செய்தி, 21 கோடி என்று இன்னொன்று. நாடு ஒன்றுதானே, கணக்கு மட்டும் எப்படி இரட்டிப்பாகும்?

பதில் 1:
இரண்டுமே பொய் இல்லை, அளந்த விதம்தான் வேறு. 10.1 கோடி என்பது 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சர்க்கரை நோய் ஆய்வு. 20 வயது தாண்டிய 1,13,043 பேரை நேரில் பார்த்து, வெறும் வயிற்றில் ஒரு தடவை, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று ரத்தம் எடுத்தார்கள். விடை 11.4 சதவீதம். 21 கோடி 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் வெறும் வயிற்று அளவு, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இரண்டில் எது எல்லை தாண்டினாலும் நோயாளிதான். வலையை அகலமாக விரித்தால் மீன் கூடத்தானே செய்யும்?

பதில் 2:
என் கதையே சாட்சி. வெறும் வயிற்றில் 112, அதாவது நோய் இல்லை. அதே ரத்தத்தில் எச்பிஏ1சி 6.6, அதாவது நோய். மருத்துவர் எதுவும் சொல்லாமல் மறுபடி எடுக்கச் சொன்னார். கணக்கெடுப்பில் யார் வந்து மறுபடி எடுக்கப்போகிறார்கள்?

பதில் 3:
தேசிய சராசரியை விடுங்கள். அதே இந்தியாப் ஆய்வில் கோவா 26.4 சதவீதம், உத்தரப்பிரதேசம் 4.8. ஆனால் உ.பி.யில் எல்லைக்கோட்டில், அதாவது நோய்க்கு முந்தைய நிலையில் நிற்பவர்கள் 18 சதவீதம், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

கேட்டவர்:
சரி, புரிந்தது. அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் ரொம்பத் திகட்டுமா?