அத்துவைதம் அன்றாடத்தில்: வரிசையிலும் குசினியிலும் நடந்தவை

கடலோரம் (வெள்ளவத்தை):

இருப்பது ஒன்றே, இரண்டில்லை என்பது அத்துவைதம். அதைப் பார்க்கத் திருவண்ணாமலை ரமணர் தந்த "நான் யார்" என்ற கேள்விக்கு விளக்கம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விளக்கம் போதும். காலி வீதியில், கந்தோரில், வீட்டில் அது உங்களுக்கு என்ன செய்தது என்று எழுதுங்கள். திருவண்ணாமலையில் கிடைத்த அமைதியும் வேண்டாம், அங்கே எவருக்கும் அமைதி கிடைக்கும். திரும்பி வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றபோது எவ்வளவு மிஞ்சியது என்று சொல்லுங்கள்.

என்னுடையது சின்னது. கணக்குப் பிரிவில் வேலை. ஒரு மாதக் கடைசியில் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். முகம் சூடாகியது, தொண்டை அடைத்தது. அந்தச் சூடும் அடைப்பும் நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தன. ஆனால் எதற்குத் தெரிந்துகொண்டிருந்ததோ, அது சூடாகவும் இல்லை, அடைபடவும் இல்லை. அவ்வளவுதான். பதில் சொன்னேன், மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டேன். வழமையாக அந்த ஏச்சை வீடு வரை சுமந்துபோய் வீட்டுக்காரரின் தலையில் கொட்டுவேன். அன்று கொட்ட ஒன்றும் இருக்கவில்லை. அவர்தான், "ஏன் பேசாமல் இருக்கிறீர், சுகமில்லையோ?" என்று கேட்டார்.

ஓட்டோக்காரன் (தெஹிவளை):

2022 பெற்றோல் வரிசையை மறந்திருக்க மாட்டீர்கள். கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்குக்குப் பெற்றோல் அடிக்கும் முறை வருவதற்கு முந்திய காலம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. இரவில் ஓட்டோவுக்குள்ளேயே படுக்கை, நுளம்புக்கடி இலவசம். எனக்கு முன்னால் நின்ற ஓட்டோ அண்ணை ரமணர் பக்தர். ஒரு எண்ணம் வந்தால் அதைத் துரத்தாதே, பின்னால் ஓடாதே, இது யாருக்கு வந்தது என்று பார், "எனக்கு" என்று வந்தால் அந்த நான் யார் என்று பார், என்று சொல்லித் தந்தார். வேறு வேலை இல்லை, கேட்டேன்.

இரவு ஒருவன் வேனை இடையில் புகுத்தினான். இறங்கிப் போய்ச் சிங்களத்தில் நல்லாய்க் கத்தினேன். கோபம் வராமல் புன்னகைத்தேன் என்று எழுதினால் பொய். கத்திக்கொண்டிருக்கும்போதே அண்ணையின் கேள்வி தலைக்குள் வந்தது. வாய் கத்தியது, கை ஆடியது, நெஞ்சு படபடத்தது. இவ்வளவும் நடக்கிறது, அவமானப்பட்டவன் எங்கே என்று தேடினால் இடம் காலி. கத்தல் தானாகவே தணிந்தது. வேன்காரனும் பின்னுக்கு எடுத்தான் (அது ஞானத்தால் இல்லை, எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் இறங்கி நின்றார்கள்). ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். மற்ற நாளென்றால் "நான் இப்பிடிச் சொல்லியிருக்க வேணும்" என்று விடியும்வரை மனதுக்குள் அந்தச் சண்டையைத் திரும்பத் திரும்பப் பிடிப்பேன். அன்று படுத்தேன், நித்திரை வந்தது.

விடிய அண்ணையிடம் சொன்னேன்.

"ஆருக்குக் கோபம் எண்டு பாத்தியே?"
"பாத்தன் அண்ணை. ஆளைக் காணேல்லை."
"சரி, பெற்றோல் வந்துதோ?"
"அதையும் காணேல்லை."

மூத்தமகள் (பம்பலப்பிட்டி):

என் அம்மாவுக்கு மறதி நோய். ரமணர் எங்களை நாங்களே கேட்கச் சொன்ன கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, அம்மா தினமும் காலையில் என்னைக் கேட்பார்: "நீர் ஆர் பிள்ளை?"

ஆரம்பத்தில் விடை சொல்வேன். உங்கள் மூத்த மகள், யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், உங்களுக்குச் சமைக்கிறவள். தலையாட்டிவிட்டுத் திரும்பவும் கேட்பார். சொல்லச் சொல்ல அந்த விடைகள் எனக்கே வேறு யாரோ ஒருத்தியின் விபரம் போலக் கேட்கத் தொடங்கின. ஒரு நாள் சொல்ல வாயெடுத்தேன், எதுவும் வரவில்லை. பயமும் இல்லை, கவலையும் இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே காலி வீதியில் பஸ் ஹோர்ன். பார்க்கிறவர்கள் இரண்டு பேர் என்று சொல்ல அந்த நேரம் என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. பிறகு "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார், நான் குசினிக்குப் போனேன்.

"அம்மாதான் உங்கள் குரு" என்று எழுத யாரோ விரலைத் தூக்கியிருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். அம்மா நோயாளி. அவரைக் குளிப்பாட்டும்போது எனக்கு முதுகு பிடிக்கும். நடு இரவில் கதவைத் திறந்து "வீட்டை போகவேணும்" என்று வெளிக்கிடுவார், அப்போது நான் கத்தியிருக்கிறேன். விழிப்பில் இருந்தால் உடம்பு நோகாது என்பவர்கள் ஒரு கிழமை எங்கள் வீட்டில் நின்றுவிட்டுச் சொல்லட்டும். மாறியது ஒன்றுதான். "ஏன் எல்லாம் என் தலையில்?" என்ற பல்லவி தொடங்கும்போதே தெரிகிறது. கனடாவில் இருக்கும் தம்பியின் பெயர் வரும் வரிக்கு முன்பே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சில நாட்களில் நிற்பதில்லை.

ரமணரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய உபதேசத்தை விட இது: 1922 மே 19, தாய் அழகம்மாளின் கடைசி நாளில், ஒரு கையை அவர் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி மகன் பக்கத்திலேயே இருந்தார். யார் தாய், யார் மகன் என்று தத்துவம் சொல்லிவிட்டு எழுந்துபோகவில்லை.

கொச்சிக்கடை ஐயா:

எல்லோரும் ஏகான்மவாதம், அதாவது ஆன்மா ஒன்றே வேறில்லை என்று கதைக்கிறீர்கள். நான் சைவ சித்தாந்தி, இராமநாதன் துரை கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலே கதி என்று கிடப்பவன். எங்கள் கணக்கில் ஆன்மா, இறைவன், ஆன்மாவைக் கட்டும் பாசம் மூன்றும் உண்டு. கண்ணுக்குப் பார்க்கும் சக்தி உண்டுதான், ஆனால் சூரியன் வேண்டும். "பார்ப்பது நானே, வேறொன்றில்லை" என்று கண் சொன்னால் இருட்டில் தெரியும் அதன் பவிசு. ஓட்டோத் தம்பிக்குக் கோபம் அடங்கியது அருள் என்பேன் நான். அவர் தேடியதால் என்று நீங்கள் சொல்வீர்கள்.

ஆனாலும் யாழ்ப்பாணத்து ஞானி யோகசுவாமியை நினைத்தால் எனக்கே வாதம் குறைகிறது. கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியம் பார்த்தவர் அவர். பின்னர் கொழும்புத்துறையில் ஒரு கொட்டிலில் இருந்தார். "ஒரு பொல்லாப்பும் இல்லை", "எப்பவோ முடிந்த காரியம்": இவை சித்தாந்தமா வேதாந்தமா என்று அவரிடம் கேட்கப் போனவர்களுக்கு ஏச்சுத்தான் கிடைத்திருக்கும். இன்று கொழும்பில் எத்தனையோ வீட்டுச் சுவரில் அந்த வாசகம் தொங்குகிறது. அதற்குக் கீழே கதிரையைப் போட்டிருந்து காணி வழக்குக் கதைக்கிறோம்.

மூத்தமகள் பிள்ளை, அம்மாவுக்குத் தேவாரம் பாடிக் காட்டிப் பார்த்தீரா? பெயர்கள் போன பின்னும் பாட்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

இரவுப்பணி (கொட்டாஞ்சேனை):

நான் கொஞ்சம் கசப்பாக எழுதப்போகிறேன். அண்ணா இறந்த வீட்டில், பந்தலுக்குக் கீழேயே, ஒருவர் அம்மாவிடம் சொன்னார்: "யாரும் சாகவில்லை, சாகிறதுக்கு ஒருவரும் இல்லை." அம்மா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப ஆரின்ரை துணியைத் தம்பி நான் மடிச்சு வைக்கிறன்?" என்று கேட்டார். அந்த மனிதர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. தானே பார்க்காததை, அழுகிறவளின் வாயை அடைக்கப் பாவித்தார்.

அதற்குப் பிறகு எனக்கும் ஒன்று நடந்தது. கை என் கை மாதிரி இல்லை. வீதி, ஆட்கள் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். "நான்" என்ற உணர்வே போய்விட்டது. தெரிந்தவர்கள் சிலர் வாழ்த்துச் சொன்னார்கள், அகந்தை கரைகிறதாம். ஆனால் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நாள் முழுக்கப் பயம். மேலே மூவரும் எழுதியதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. வலியும் கோபமும் தேத்தண்ணியும் அவர்களுக்கு மிகக் கிட்டத்தில் இருந்தன. எனக்கு எல்லாமே தூரத்தில். பேரதிர்ச்சிக்குப் பிறகு மனம் தன்னைக் காக்க இப்படி விலகி நிற்பதுண்டு என்று வைத்தியர்தான் விளக்கினார். இப்படி இருப்பவர்கள் தியானத்தைக் கூட்டாதீர்கள், கண்ணை மூடி உட்காராதீர்கள், யாரிடமாவது வாய்விட்டுக் கதையுங்கள். தொலைபேசியில் 1926ஐ அழையுங்கள், அது இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

குளிசை தொடங்கி, ஒழுங்காக நித்திரை வந்த பிறகுதான் எந்தக் கேள்வியையும் கேட்க எனக்குத் தெம்பு வந்தது. மருந்து எடுப்பது அத்துவைதத்துக்கு விரோதம் என்று இன்னும் எனக்குச் சிலர் செய்தி அனுப்புகிறார்கள். ரமணரின் இடது கையில் வந்த கட்டிக்கு 1949இல் ஒரு தடவைக்கு மேல் சத்திரசிகிச்சை நடந்தது. வைத்தியர்கள் கட்டியை வெட்ட வந்தபோது அவர் கையை நீட்டினார்.