அக்கா மகளுக்கு காற்பந்துதான் வேணுமாம், இதுல பொழப்பு நடத்த முடியுமா?

சிப்புட்_சிவா:
வணக்கம். நாங்க மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம், செம்பனை தோட்டம். அக்கா மக ஃபார்ம் டூ, 14 வயசு, சாயங்காலம் ஆனா பாடாங்ல, அதான் திடல்ல, பையன்களோடதான் பந்து, லெஃப்ட் கால்ல ஓங்கி வச்சான்னா கீப்பர் பையன் நகரவே மாட்டான். 2023 பெண்கள் உலகக் கிண்ண செமில ஆஸ்திரேலியா கேப்டன் சேம் கெர் இங்கிலாந்துக்கு எதிரா தூரத்துல இருந்து ஒண்ணு போட்டாங்களே, அதை ஃபோன்ல திரும்ப திரும்ப பார்த்துட்டு புரொஃபெஷனல் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அக்கா ஒரே புலம்பல். சம்பளம் எல்லாம் எப்படி, எந்த வயசுல ஆரம்பிக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்கலா.

கோல்போஸ்ட்_குமார்:
சேம் கெர் கதையவே சொல்றேன் கேளுங்க ப்ரோ. பெர்த் பக்கம் வளர்ந்தவங்க, அப்பா கல்கத்தால பொறந்தவர். 12 வயசு வரைக்கும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ்தான், அது முட்டை மாதிரி பந்த வச்சி முரட்டுத்தனமா மோதி ஆடுற ஆட்டம், பையன்களோட மோதி அடிபட்டு வந்ததாலதான் காற்பந்து பக்கம் வந்தாங்க. 15 வயசுல, 2009ல, நாட்டுக்கு ஆடிட்டாங்க. ஆனா காசு உடனே வரல. பல வருஷம் அமெரிக்கா லீக் முடிஞ்ச கையோட ஆஸ்திரேலியா லீக், அது முடிஞ்சா திரும்ப அமெரிக்கா, ஓய்வே கிடையாது, ஒரு லீக் சம்பளத்த மட்டும் நம்பி இருக்க முடியாத காலம் அது. 2015ல ஆஸ்திரேலியா பொண்ணுங்க டீம் உலகக் கிண்ணத்துல பிரேசிலையே தோக்கடிச்சாங்க, அப்ப நாட்டு டீம் கான்ட்ராக்ட்ல வருஷத்துக்கு சுமார் 21,000 ஆஸ்திரேலிய டாலர்தான். அதே வருஷம் சம்பளம் பத்தலன்னு அமெரிக்கா டூருக்கு போகமாட்டோம்னு டீமே உட்கார்ந்துடுச்சி. 2019ல ஆம்பளைங்க டீமுக்கும் அவங்களுக்கும் வருமானத்துல சம பங்குன்னு ஒப்பந்தம் வந்துச்சி, இங்கிலாந்து கிளப் செல்சி சேம் கெர எடுத்ததும் அந்த வருஷம்தான். ஆக பெரிய காசுங்கிறது மேல இருக்கிற கொஞ்ச பேருக்குத்தான்.

தோட்டத்து_அங்கள்:
நம்ம ஊர்ல ஆம்பள பசங்களே மாநில டீம்ல சம்பள பாக்கின்னு அலையுறான். டைம் வேஸ்ட். படிக்க சொல்லுங்க.

மாலா_ஈப்போ:
அங்கள், படிப்ப யாரு விட சொன்னா? தமிழ்நாட்டுல இந்துமதி கதிரேசன், கடலூர் பொண்ணு, இந்தியாவுக்கு ஆடினவங்க, போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். மணிப்பூர் பாலா தேவியும் போலீஸ் வேலைதான், 2020ல ஸ்காட்லாந்து ரேஞ்சர்ஸ் கிளப்ல கையெழுத்து போட்டாங்க. வேலையும் பந்தும் சேர்ந்துதான் ஓடுது.

சிவா தம்பி, நான் ஸ்கூல் காலத்துல ஆடினவ, அதனால சொல்றேன், முட்டிய பார்த்துக்க சொல்லுங்க. முன்பக்க ஜவ்வு அறுந்து போறது பொண்ணுங்களுக்கு ஆம்பளைங்கள விட அதிகமா நடக்குது, சேம் கெருக்கு 2024 ஜனவரி மொரோக்கோ கேம்ப்ல போச்சு, திரும்ப இறங்க 2025 செப்டம்பர் ஆயிடுச்சி. குதிச்சா எப்படி இறங்கணும், தொடைக்கு எப்படி பலம் ஏத்தணும்னு இப்பவே பழக்கணும், பாடாங்ல பையன்களோட ஆடுறது நல்லதுதான் ஆனா இத யாரும் அங்க சொல்லித்தர மாட்டாங்க. ஸ்கூல்ல பிஜே (உடற்கல்வி) டீச்சர்கிட்ட பொண்ணுங்க டீம் இருக்கா, இல்லன்னா அஞ்சு பேர் ஆடுற ஃபுட்சாலாவது இருக்கான்னு முதல்ல கேளுங்க. மாநிலங்களுக்குள்ள பொண்ணுங்களுக்கான துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணம் 1976ல இருந்து நடக்குது, மாநில கோச்சுங்க கண்ணுல பட்டாத்தான் அங்க போக முடியும், அதுக்கு ஈப்போவுக்கு வந்து ஒரு கிளப்ல பழகணும்.

சிப்புட்_சிவா:
அக்கா ரொம்ப தேங்க்ஸ். இன்னொன்னு, நாளைக்கு கல்யாணம் புள்ளன்னு ஆனா கிளப் தூக்கி போட்டுடுமான்னு எங்கக்கா கேக்குது.

கோல்போஸ்ட்_குமார்:
2021ல ஃபிஃபா (உலக காற்பந்து சங்கம்) விதி வந்துடுச்சி ப்ரோ, குறைஞ்சது 14 வாரம் பிரசவ லீவு, மூணுல ரெண்டு பங்கு சம்பளம், புள்ள உண்டானதுக்காக கான்ட்ராக்ட முறிக்க கூடாது. வயசும் பெரிய விஷயம் இல்ல, கனடா கிறிஸ்டின் சின்க்ளேர் 16 வயசுல நாட்டு டீம்ல ஆரம்பிச்சி 40ல விட்டாங்க, 190 கோல், நாட்டுக்காக ரொனால்டோ கூட அவ்வளவு அடிக்கல.

தோட்டத்து_அங்கள்:
190ஆ? சரி, அந்தப் புள்ள எந்த பொசிஷன்? ஈப்போவுக்கு சனிக்கிழமை என் காடி போகும், பஸ்ஸுக்கு காசு போட வேணாம்.