கச்சா எண்ணெய் இறங்கினாலும் பெட்ரோல் விலை ஏன் இறங்குவதில்லை?

வடபழனிவாசி (கேள்வி)

2014 ஜூனில் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலரை ஒட்டி விற்றபோது, சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 75 ரூபாய்க்குக் கிடைத்தது. 2024-இல் பீப்பாய் 80 டாலர் அளவில் இருந்தபோதோ அதே லிட்டருக்கு 100 ரூபாய் 75 காசு கொடுத்தோம். சர்வதேச நிலவரத்தை ஒட்டி விலை நாள்தோறும் மாறும் என்று 2017 ஜூன் 16 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும்போது, பங்க்கில் மட்டும் ஏன் இறக்கம் தெரிவதில்லை? கட்சிச் சண்டை வேண்டாம். கணக்குத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்று.

ஏட்டுக்கணக்கு

டாலர் விலையை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் பாதிப் புதிர் விடுபடும். ஒரு பீப்பாய் சுமார் 159 லிட்டர். 2014-இல் ஒரு டாலர் 60 ரூபாய் அளவில் இருந்ததால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ 41 ரூபாய் 50 காசு. 2024-இல் டாலர் 83 ரூபாயைத் தொட்டுவிட்டதால் 80 டாலர் எண்ணெயும் லிட்டருக்கு 42 ரூபாய் அளவிலேயே வந்து நின்றது. அதாவது நமக்கு எண்ணெய் மலிவாகவே இல்லை.

மீதமுள்ள 26 ரூபாய் வித்தியாசத்தில் பெரும்பகுதி வரிதான். மத்தியக் கலால் வரி 9 ரூபாய் 48 காசிலிருந்து 19 ரூபாய் 90 காசாகியது. தமிழக அரசின் வரி அப்போது 27 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு 16 ரூபாய்க்குள். 2024-இல் 13 விழுக்காட்டுடன் 11 ரூபாய் 52 காசு சேர்ந்து 22 ரூபாயை நெருங்கியது. கலால் வரி விழுக்காடாக அல்லாமல் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று விதிக்கப்படுவதால், எண்ணெய் விலை பாதியானாலும் அது ஒரு காசுகூடக் குறையாது. போதாக்குறைக்கு, 2020-இல் கொரோனாவால் எண்ணெய்ச் சந்தை சரிந்தபோது மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதம் 10 ரூபாயும் ஏற்றி அந்த வரியை 32 ரூபாய் 98 காசுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாயும் 2022 மே மாதம் 8 ரூபாயும் குறைத்தார்கள்.

அந்த 19 ரூபாய் 90 காசில் மாநிலங்களுடன் பகிரப்படும் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மற்றதெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் மத்திய அரசிடமே தங்கிவிட்டது. மாநிலங்கள் தம் வரியை விட்டுக்கொடுக்கத் தயங்குவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

பழைய டீலர்

மாதம் 1, 16 தேதிகளில் மட்டும் விலை மாறிய காலத்தில், இறங்கும் என்று தெரிந்தால் லோடு எடுப்பதைத் தள்ளிப்போடுவோம். ஏறும் என்றால் தொட்டி நிரம்ப வாங்கி வைப்போம். தரைக்கடித் தொட்டியில் 10,000 லிட்டர் இருக்கும்போது ஒரு ரூபாய் குறைந்தால் 10,000 ரூபாய் டீலர் தலையில்தான் விழும். தினமும் காலை 6 மணிக்குச் சில காசுகள் மாறும் முறை வந்தபின் அந்தச் சூதாட்டம் ஓய்ந்தது.

கோடம்பாக்கத்தான்

ஆனால் அந்த முறையே நின்றுபோனதை யாரும் சொல்லவில்லையே! 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து, ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவில்லை. பின்னர் 2022 மார்ச் 22 முதல் 16 நாட்களில் 14 முறை ஏற்றி மொத்தம் 10 ரூபாய் கூட்டிவிட்டு, ஏப்ரல் 6-க்குப் பின் மீண்டும் நிறுத்திக்கொண்டன. உக்ரைன் போரால் எண்ணெய் உச்சத்தில் இருந்த அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 18,500 கோடி ரூபாய் இழந்தன. எண்ணெய் இறங்கியபின் அந்த இழப்பை ஈடுகட்டுவதாகச் சொல்லி விலையைக் குறைக்காமல் வைத்திருந்து, 2023–24-இல் சுமார் 81,000 கோடி லாபம் கண்டன. லிட்டருக்கு 2 ரூபாய் குறைப்பு 2024 மார்ச் 15-இல் வந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. 2010 ஜூனிலேயே பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது என்பது ஏட்டளவில் உண்மைதான்.

வடபழனிவாசி

மிக்க நன்றி. அப்படியானால் பீப்பாய்க்கு 10 டாலர் இறங்கினால் நமக்கு எவ்வளவு குறைய வேண்டும்?

ஏட்டுக்கணக்கு

டாலர் 83 ரூபாய் என்று கொண்டால் 5 ரூபாய் 22 காசு. அதன் மீதான 13 விழுக்காட்டு மாநில வரியும் சேர்ந்து 5 ரூபாய் 90 காசு குறைய வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணெய் 65 டாலர் அளவுக்குச் சரிந்தபோது நடந்தது வேறு: மத்திய அரசு கலால் வரியை 2 ரூபாய் உயர்த்தியது, அதை நிறுவனங்களே ஏற்றுக்கொண்டன, பங்க் விலை அப்படியே இருந்தது.