சீனாவின் வெந்நீர் ஊற்று விடுதிக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

தண்டையார்பேட்டை மகள்:
வணக்கம். வேலை நிமித்தமாகக் குவாங்சோ செல்லும் என் கணவருடன், மூட்டு வலியும் இரத்த அழுத்தமும் உள்ள 64 வயது அம்மாவையும் அழைத்துச் சென்று, அங்குள்ள சொகுசு வெந்நீர் ஊற்று விடுதியொன்றில் இரண்டு நாட்கள் தங்க எண்ணுகிறோம். பலர் முன்னிலையில் குளிக்க அம்மா மிகவும் கூச்சப்படுகிறார். எங்கே செல்லலாம்?

ராயபுரம் பயணி:
குவாங்சோ மாநகரைச் சேர்ந்த சோங்குவாவே உங்களுக்கு வசதி; ரேடான் என்ற கதிரியக்க வாயு சிறிதளவு கலந்த அதன் ஊற்றுநீர் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. சியான் நகருக்கு அருகே, தாங் அரச மரபின் பேரரசர் சுவான்சோங்கும் அவருடைய காதல் துணைவி யாங் குய்ஃபெய்யும் நீராடிய ஹுவாசிங் குளத்தின் ஊற்று சுமார் 43 டிகிரி வெப்பமுடையது என்றாலும், அது இப்போது பெரும்பாலும் பார்த்து வருவதற்கான இடம்தான். யுன்னான் மாகாணத்தின் தெங்சோங்கில் சில ஊற்றுகள் கொதிநிலையை நெருங்குவதால், அவற்றின் ஆவியில் முட்டை வேக வைத்து விற்கிறார்கள்! ஆண்களும் பெண்களும் சேர்ந்து குளிக்கும் திறந்தவெளிக் குளங்களில் நீச்சல் உடை கட்டாயம். கை கால்களை மூடும் நீச்சல் உடையே போதும். அம்மாவின் கூச்சத்தை மதித்து, செலவு கூடினாலும், தனிக் குளத்துடன் கூடிய அறையையே எடுங்கள்.

பெரம்பூர் செவிலியர்:
சகோதரி, முதலில் அம்மாவின் மருத்துவரிடம் கேளுங்கள். வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் குறையும். அழுத்த மாத்திரையும் சேரும்போது, சட்டென எழுந்தால் தலைசுற்றி விழ நேரிடும். 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடங்களில் கரையேறச் செய்து, தண்ணீர் கொடுங்கள். ஒரு கணமும் அவரைத் தனியே விடாதீர்கள்.