ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி தவறிவிட்டது, இப்போது போடலாமா?

கேள்வி (தாராவி, மும்பை):
மகனுக்குப் பதினோரு மாதம் முடிந்துவிட்டது. ஒன்பதாம் மாத ஊசிக்குரிய நாளில் திருநெல்வேலியில் ஒரு திருமண வீட்டில் இருந்தோம். திரும்பிய பிறகு சளியும் காய்ச்சலுமாக நாள் தள்ளிப்போயிற்று. மாமியாரோ, மணல்வாரி (தட்டம்மை) எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆத்தா இறங்கிவிடுவாள் என்கிறார். பிரசவம் தாய்வீட்டில் நடந்ததால் தடுப்பூசி அட்டை தமிழில் இருக்கிறது. இங்கே ஏற்பார்களா?

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், செம்பூர்):
சகோதரி, அட்டை எம்மொழியில் இருந்தாலும் அரசு மையத்தில் இலவசமாகவே போடுவார்கள்; ஐந்து வயதுவரை தவறிய தவணையைப் போட வழியுண்டு. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கரைந்த பிறகே இந்த மருந்து நன்றாகப் பிடிக்கும் என்பதால்தான் ஒன்பது மாதம் காத்திருக்கிறோம். அது கரைந்துவிட்ட குழந்தை இப்போது காப்பில்லாமல் இருக்கிறது. 2022 இறுதியில் இங்கே கோவண்டியில் ‘கோவர்’ (தட்டம்மைக்கு மராத்திப் பெயர்) பரவியபோது, ஆறு மாதக் குழந்தைகளுக்கும் கூடுதலாக ஒரு தவணை போட வேண்டியதாயிற்று. கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆகவே காலையிலேயே செல்லுங்கள். தட்டம்மை ஊசி வலது மேற்கையில், கூடவே வாயில் வைட்டமின் ஏ திரவம். ஒரு வாரம் கழித்து இலேசாகக் காய்ச்சல் வந்தால் பதற வேண்டாம்.

பதில் (மாட்டுங்கா):
உங்கள் மாமியார் சொல்வதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் என் தாயாரும் அதையேதான் சொன்னார். என் அக்காளுக்கு மணல்வாரி வந்து, வேப்பிலை எடுத்து, தண்ணீரும் ஊற்றியாயிற்று. ஆறு வாரம் கழித்து அவள் பேதியில் இறந்தாள். இவை இரண்டையும் அம்மா கடைசிவரை தனித்தனிக் கதைகளாகவே சொல்லிவந்தார். தட்டம்மைக் கிருமி, உடல் அதுவரை பழகிவைத்திருந்த எதிர்ப்பு நினைவையே பெருமளவு அழித்துவிடுகிறது என்பதையும், அதனால் பல மாதங்களுக்குப் பிறகும் நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ குழந்தையைக் கொண்டுபோகக்கூடும் என்பதையும் படித்தபோதுதான் எனக்கு அந்த இரண்டு கதைகளும் ஒன்றாயின. 1974 முதல் ஐம்பது ஆண்டுகளில் தடுப்பூசிகள் காத்த உயிர்கள் 15.4 கோடி என்றும், அவற்றுள் ஏறத்தாழ 9.4 கோடி தட்டம்மை ஊசி ஒன்றால் மட்டுமே என்றும் 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அம்மை இறங்கிய வீடுகளில் பிறகு நேர்ந்த சாவுகளை நம் பாட்டிமார் வேறு கணக்கில் எழுதிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேட்டவர்:
இன்று காலை போட்டாயிற்று. அங்கிருந்த செவிலியர் தேதிகளை மட்டும் பார்த்து மராத்தி அட்டையில் பெயர்த்து எழுதினார். இரண்டாம் தவணைக்குப் பதினாறாம் மாதத்தில் பென்சிலால் ஒரு தேதியும் குறித்துக் கொடுத்திருக்கிறார். வாசலில் வேப்பிலையும் தொங்குகிறது, அதை நான் எடுக்கவில்லை.